செஃபலுவில் நின்ற ரயில்

சீசா, பலெர்மோ
15.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கும் அம்மாவுக்கும் காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லை. ரெஜியோ எமிலியாவில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். அம்மா அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போடுகிறீர்களா, பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறீர்களா?

ஞாயிறு தோறும் போனில் கதைக்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் "சாப்பிட்டியோ, படிக்கிறியோ" என்று கேட்கிறீர்கள். நான் "ஓம்" என்கிறேன். மாஸ்ட்ரோவின் பெயரை எடுத்தவுடன் "சரி பிள்ளை, வேலைக்கு நேரமாகுது" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் மடித்தாலும் மிச்சம் உள்ளேதான் இருக்கும்.

மாஸ்ட்ரோ ஸ்தமாத்திஸுக்குக் கடுமையாகிவிட்டது. அவர் வீட்டில் கட்டிலை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து யன்னலோரம் போட்டிருக்கிறோம். நெஞ்சில் இருக்கிற கட்டிக்கு இனி மருந்து இல்லை என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். பாடின குரல் எப்போதோ போய்விட்டது. இப்போது கிசுகிசுப்பதற்கே மூச்சு வாங்குகிறது.

அவருக்குச் சமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்ள அம்மாதான் போகிறார். நேற்றுச் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். என் பள்ளிக்கூடக் கிரேக்கப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். கிரேக்கரான அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "பிள்ளை, இது கிரேக்கம் இல்லை. பல்லுக்கொதியிலை ஆரோ கத்துறான்." அவர் இத்தாலியனில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். அவர் சிரித்தார், பிறகு நெடுநேரம் இருமினார்.

இருமல் நின்றதும் உங்களைத்தான் கேட்டார்: "ராஜா எப்ப வாறான்?"

அம்மா கோப்பையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் வெளிக்கிடுவதற்குள் அவர் நான்கு தடவை கேட்டுவிட்டார்.

பதினெட்டு வருடம் அவருடைய சட்டைகளை மினுக்கி, பெட்டி தூக்கி, மேடை ஓரம் வரை கூடப் போனவர் நீங்கள். இரண்டு வருடத்துக்கு முன் "வடக்கிலை நல்ல வேலை" என்று போனீர்கள். அதன் பிறகு ஒரேயொரு தடவை, நான்கு நாள் வந்தீர்கள். அந்த நான்கு நாளும் நம் சீசாப் பகுதியை விட்டு வெளியே காலெடுத்து வைக்கவில்லை. நல்ல வேலைக்குப் போனவர் அப்படி ஒளித்திருப்பாரா, அப்பா?

நாலாம் திகதி அம்மா சாந்தா ரொசாலியாவின் கோயில் மலைக்கு வெறுங்காலோடு ஏறினார். ஆருக்கு நேர்த்தி என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும்" என்றார்.

வந்து அவரைப் பாருங்கள். அப்படியே வீட்டிலேயே நின்றுவிடுங்கள்.

உங்கள் மகள்
ஆரணி

*

ரெஜியோ எமிலியா
02.10.2024

அன்பு மகள் ஆரணிக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து உன் அம்மாவுடையதைப் போல வலப்பக்கம் சாய்கிறது. மூன்று தடவை வாசித்தேன். காலுறை போடுகிறேன். முதியோர் இல்லக் குசினியில் நிலம் எப்போதும் ஈரம்.

மாஸ்ட்ரோவின் நிலையைக் கேட்க மனம் சரியில்லை. நீ அவரை நோயாளியாகத்தான் கிட்டப் பார்த்திருக்கிறாய். அதனால் கொஞ்சம் எழுதுகிறேன்.

அவர் வோலோஸ் என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர். தகப்பன் கப்பல்களுக்குக் கயிறு கட்டுகிற தொழிலாளி. ஒன்பது வயதில் கோயிலில் பாட விட்டார்களாம். ஏதென்ஸில் சங்கீதம் படிக்கும்போது பகலில் வகுப்பு, பின்னேரத்தில் டாக்சி. ஓப்பரா வாத்திமார் குரல் அழகு, ஆனால் சின்னது, வாத்தியங்களைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போகாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் மைக்கைக் கையில் எடுத்தார். ஓப்பராப் பாட்டு ஒன்று, துறைமுகப் பாட்டு ஒன்று என்று கலந்து பாடின இசைத்தட்டு தொண்ணூற்றாறில் வந்தது. கிரேக்கர் இருக்கிற ஊரெல்லாம் அது போனது. ஓப்பராக்காரர் அவரை "மைக்குக்காரன்" என்றார்கள். மற்றப் பாட்டுக்காரர் "கோட்டுக்காரன்" என்றார்கள். இரண்டு வீட்டிலும் அவர் விருந்தாளிதான். பலெர்மோப் பெண்ணைக் கட்டினதால் இங்கே வந்தார். அந்த அம்மா விட்டுப் போன வருடம்தான் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

கச்சேரி நாளில் காலையிலிருந்து அவர் வாய் திறக்கமாட்டார். குரலைச் சேர்த்து வைப்பார். ஒரு விரல் என்றால் வெந்நீர். இரண்டு விரல் என்றால் யன்னலைச் சாத்து. நெற்றியைத் தொட்டால் என்னைத் தனியே விடு. பதினெட்டு வருடம் எங்களுக்குள் அப்படித்தான் பேச்சு. அந்தப் பேச்சில் ஒரு பிழை வந்ததில்லை.

டொரன்டோவில் ஒரு தடவை மேடைக்குப் பின்வாசல் காவலாளி நம்முடைய ஆள். "அண்ணை எந்த ஊர்?" என்று தொடங்கினான், பிறகு அவன் பெண்சாதி, மச்சான், மச்சானின் சிநேகிதர் என்று பதினைந்து பேர் என்னைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். மாஸ்ட்ரோ கோட்டோடு இருபது நிமிடம் காத்து நின்றார். காருக்குள் ஏறினபிறகு, "இண்டைக்கு ஆருக்கு ரசிகர் கூட, ராஜா? எனக்கோ, உனக்கோ?" என்று கேட்டார்.

இதெல்லாம் நல்ல காலம். என்னை வரச் சொல்லாதே, பிள்ளை. அவருக்கு மல்லித் தண்ணி கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் சொல். ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும்.

அன்புள்ள அப்பா
இராஜதுரை

*

சீசா, பலெர்மோ
13.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மல்லித் தண்ணியை ஆறவிட்டே கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "இதை ராஜா சொல்லியிருக்கிறான்" என்றார். அம்மா இல்லை என்று தலையாட்டினார். அவர் நம்பவில்லை.

டொரன்டோக் கதையை அவருக்குச் சொன்னேன். "பதினைஞ்சு இல்லை, இருபது பேர். ராஜா எப்பவும் தன்னைக் குறைச்சுத்தான் சொல்லுவான்" என்றார். பிறகு அலுமாரியிலிருந்து பழைய ஆல்பத்தை எடுக்கச் சொன்னார். பத்திரிகைத் துண்டுகளை நான் வாசிக்க வாசிக்க, எழுதினவர்களின் பெயரைச் சொல்லி ஒவ்வொருவராகத் திட்டினார். மோசமான விமர்சனங்களைத்தான் கவனமாக ஒட்டி வைத்திருக்கிறார். நல்லவை ஒரு உறைக்குள் குவிந்து கிடக்கின்றன. அப்படி ஒரு மனிதரை நான் இதுவரை கண்டதில்லை.

கிட்டத்தட்ட எல்லாப் படத்திலும் ஓரத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். கையில் கோட்டு. ஒரு படத்திலும் கமராவைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கடைசிப் படம் 2022 ஜூலை. கடற்கரைத் திறந்த அரங்கு. அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமை. அங்கே என்ன நடந்தது என்று பஸ்ஸில் வரும்போது அம்மாவைக் கேட்டேன்.

"அது மிளகாய்க் கதை. விடு."

"என்ன மிளகாய்?"

"உன்ர கொப்பரைக் கேள். சொல்ல வேண்டியது அவர்தான்."

அம்மா பெரிய விஷயமென்றால்தான் உங்களைக் கொப்பர் என்பார். அதனால் கேட்கிறேன். அப்பா, என்ன மிளகாய்?

பதிலுக்குக் காத்திருக்கும்
ஆரணி

*

ரெஜியோ எமிலியா
01.11.2024

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். உனக்குப் பதினாறு வயது. சொல்லலாம்.

அந்த ஜூலைக் கச்சேரி, கொரோனாவுக்குப் பிறகு அவருடைய முதல் மேடை. அறுபது வயதுக் கொண்டாட்டமும் அதுதான். பஸ்ஸிலெல்லாம் அவர் படம். சந்தையில், தேநீர்க் கடையில், மாடிப்படியில் காணுகிறவர்கள் எல்லாரும் "இந்த வயசிலும் என்ன குரல்" என்றார்கள். எனக்குப் பயம் வந்தது. நாவூறு, கண்ணூறு என்றால் உனக்குத் தெரியும்தானே. ஒவ்வொரு பெரிய கச்சேரிக்கும் முன், அவருக்குத் தெரியாமல் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, அவர் நித்திரையாக இருக்கும்போது மூன்று தரம் சுற்றிக்கொண்டு வந்து, நம் வீட்டு அடுப்பில் போடுவேன். மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் நாவூறு கடுமை என்று அர்த்தம்.

அன்று வீட்டுக்கு வந்துபோக நேரமில்லை. அவர் குசினியிலேயே சட்டியை வைத்தேன். யன்னல் திறந்திருந்தது, புகை வெளியே போய்விடும் என்று நினைத்தேன். அன்று சிரோக்கோ அடித்தது. அந்த அனல்காற்று முழுப் புகையையும் அவருடைய அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அரை மணித்தியாலம் இருமினார். பேசாத நாள் என்பதால் என்ன என்று வாயால் கேட்கவுமில்லை. கண்ணில் தண்ணீரோடு கையை விரித்துக் காட்டினார். நான் தலையைக் குனிந்தேன்.

மூன்றாவது பாட்டில், மேலே போகிற இடத்தில், குரல் துணி கிழிந்த மாதிரிக் கிழிந்தது. வாத்தியங்கள் கொஞ்ச நேரம் அவர் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவையும் நின்றன. அவர் இறங்கி வந்தார். நான் கோட்டை நீட்டினேன். அவர் அதை வாங்காமல், வாத்தியக்காரர், பத்திரிகைக்காரர் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "ராஜா மிளகாய் எரிச்சு என்ர தொண்டையை எரிச்சுப் போட்டான்."

அவர் சொன்னது உண்மை. கோட்டை மடித்துக்கொண்டு காரடிக்குப் போனேன்.

அதன் பிறகும் மூன்று மாதம் வேலைக்குப் போனேன். குரல் திரும்பி வரவில்லை. காலையில் அந்தக் கிசுகிசுப்பில் "ராஜா, கோப்பி" என்பார். கோபமாகச் சொன்னால் தாங்கியிருப்பேன். அந்தக் குரல் என் கையால் போன குரல். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. நல்ல வேலை என்று உங்களிடம் பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் என்னைக் கூப்பிடுவது அவருடைய பெருந்தன்மை. அந்த முகத்துக்கு முன்னால் போய் நிற்க எனக்கு ஏலாது. பலெர்மோவில் எந்தத் தெருவில் நடந்தாலும் அந்த நினைவுதான் வரும்.

அம்மாவோடு சண்டை பிடிக்காதே.

அப்பா

*

சீசா, பலெர்மோ
17.11.2024

அன்பும் அருமையுமான அப்பா,

உங்களில் பிழை இல்லை! உங்களில் பிழையே இல்லை! இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை தாதி வந்து பழைய மருத்துவக் கடதாசிகள் எல்லாம் வேண்டும் என்றார். மாஸ்ட்ரோ மேசை லாச்சியை இழுக்கச் சொல்லிக் காட்டினார். நான் திகதிப்படி அடுக்கினேன். தொண்டை டாக்டருடைய கடிதம் ஒன்று இருந்தது. 2022 ஏப்ரல் 11. கச்சேரிக்கு மூன்று மாதம் முன்பு. "இடப்பக்கக் குரல் நரம்பு சரியாக வேலை செய்யவில்லை. பாடுவதை உடனே நிறுத்தவும். தாமதிக்காமல் நெஞ்சுப் படம் எடுக்கவும்." அவர் படம் எடுக்கவில்லை. எடுத்தால் கச்சேரியை நிறுத்திவிடுவார்கள் என்று எடுக்கவில்லை. நெஞ்சுக் கட்டிதான் அந்த நரம்பை நெரித்ததாம். தாதியிடம் கேட்டு உறுதிப்படுத்தினேன். மிளகாய்ப் புகைக்கு இருமல் வரும், கண் எரியும், நரம்பு சாகாது என்றார்.

நான் கடதாசியை அவருக்கு முன்னால் பிடித்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் அப்பாவைச் சொன்னீங்கள்?"

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடிதான் பதில் வந்தது. "மூவாயிரம் சனத்துக்கு முன்னாலை, நான் முடிஞ்சு போனன் எண்டு சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு. பக்கத்திலை ராஜா நிண்டவன்."

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். அவருக்கு அவ்வளவு பலம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. "அவனைக் கூப்பிடு. முகத்துக்கு முகம் நான் சொல்ல வேணும். கடிதத்திலை இல்லை, போனிலை இல்லை."

அம்மா இதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்றார். "உன்ர அப்பாவுக்கு இப்ப ஒரு நோதான். இதைச் சொன்னால் ரெண்டாப் போகும்." அம்மாவுக்கு முதலே தெரியுமோ என்று கேட்டேன். தெரியாதாம். தெரிந்திருந்தால் அந்த மனிசனுக்குச் சோறு கொடுத்திருப்பாரோ என்று கேட்டேன். "கோவம் எண்டாலும் சோறு குடுக்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு அரிசி களைந்தார்.

அம்மா சொல்வது பிழை என்று நினைக்கிறேன். உண்மை தெரிந்தால் மனிதருக்குப் பாரம் இறங்கும் என்றுதான் நான் வாசித்த எல்லாவற்றிலும் இருக்கிறது. இரண்டு வருடம் உங்களுடையதல்லாத ஒன்றைச் சுமந்துவிட்டீர்கள், அப்பா. இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். இந்த மாதமே வாருங்கள். அவருக்கு நாள் அதிகமில்லை.

மகிழ்ச்சியோடு
உங்கள் ஆரணி

*

ரெஜியோ எமிலியா
08.12.2024

ஆரணிக்கு,

அந்த ஏப்ரல் 11ஆம் திகதி எனக்கு நினைவிருக்கிறது. டாக்டரின் அறைக்கு வெளியே வாங்கில் இருந்தேன். அவருடைய கோட்டு என் மடியில். வெளியே வந்தார். என்னவாம் என்று கேட்டேன். "ஒண்டுமில்லை ராஜா, வா, கோப்பி குடிப்பம்" என்றார். முதல் தடவையாக எனக்கு அவரே கோப்பி வாங்கித் தந்தார். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

நான் செய்த பிழை என்று நினைத்திருந்தபோது, அவர் மேல் வைத்த அன்பில் செய்த பிழை என்று ஒரு ஆறுதல் இருந்தது. அன்புக்கு ஒரு கணக்கு இருக்குமென்றால் அதில் அது சேரும் என்று நினைத்தேன். இப்போது அதுவும் இல்லை. பதினெட்டு வருடம் அவர் விரலைப் பார்த்துப் பேச்சறிந்தவன் நான். கச்சேரிக்குப் பிறகும் மூன்று மாதம் குசினியில் நின்ற என்னைப் பார்த்து ஒரு விரல் அசைத்திருக்கலாம். தான் முடிந்துபோனதை என் தலையில் வைத்துவிட்டுக் கோப்பி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வரமாட்டேன். நீ நல்லதென்று நினைத்துத்தான் எழுதினாய். உன்மேல் கோபமில்லை. ஆனால் அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

இனி அவரைப் பற்றி எனக்கு எழுதாதே.

அப்பா

*

சீசா, பலெர்மோ
12.01.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது கடைசி.

மாஸ்ட்ரோ ஆறாம் திகதி, திங்கட்கிழமை காலை இறந்துவிட்டார். கிரேக்கச் சடங்கு செய்கிற சின்னக் கோயிலில் புதன்கிழமை பூசை. பன்னிரண்டு பேர் வந்தோம். வோலோஸிலிருந்து அவருடைய தம்பியின் மகள் வந்திருந்தார். பாடகர் யாரும் வரவில்லை. நம் அம்மா புதுச் சேலையை உடுத்தாமல், வேலைக்குப் போகிற கறுப்புச் சட்டையோடு வந்து கடைசி வரிசையில் இருந்தார்.

நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது.

டிசம்பர் முழுக்க அம்மா அவரிடம் "லீவு கிடைக்கேல்லையாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலாம் திகதி சனிக்கிழமை அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தார். நான் தனியே இருந்தேன். அவர் கண் திறந்து, "எப்ப வாறான்?" என்றார். நான், "காலமை வெளிக்கிட்டவர், மாஸ்ட்ரோ" என்றேன். நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"ரயிலோ?"

"ஓம்."

"இப்ப எங்கை?"

"பொலோஞ்ஞா தாண்டியிருக்கும்."

அதன் பிறகு விழிக்கும் போதெல்லாம் அதைத்தான் கேட்டார். நான் ரயிலை மெல்ல மெல்லக் கீழே கொண்டுவந்தேன். ரோமா. நாப்போலி. சலேர்னோவுக்குப் பக்கத்தில் பாதை வேலை, நிற்கிறது என்றேன். "இத்தாலி ரயில்" என்று உதட்டால் சிரித்தார். ஞாயிறு காலை வில்லா சான் ஜொவான்னியில், கடலைத் தாண்ட ரயிலைக் கப்பலில் ஏற்றினேன். மத்தியானம் மெஸ்ஸீனாவில் இறக்கினேன். அம்மா குசினியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். என்னைத் தடுக்கவில்லை.

மெஸ்ஸீனா என்றதும் அவர் தன்னைத் தூக்கி இருத்தச் சொன்னார். "படுத்தபடி சொன்னால் குரல் வராது." நானும் அம்மாவும் முதுகுக்கு மூன்று தலையணை வைத்தோம். அவர் தலைமயிரைக் கையால் வாரினார். அம்மா சீப்பு எடுத்து வாரிவிட்டார்.

"ராஜா எங்கை நிப்பான்?" என்று கேட்டார். நீங்கள் எப்போதும் வாசலடியில்தான் நிற்பீர்கள் என்றேன். "அப்ப நீ அங்கை நில். கேக்குதோ எண்டு பாப்பம்."

நான் போய் வாசலடியில் நின்றேன். அவர் மூச்சை இழுத்தார். பாடுவதற்கு முன் இழுப்பது போல, தோளைத் தூக்காமல், வயிற்றால் இழுத்தார். என்னைப் பார்த்துச் சொன்னார். உதடுதான் அசைந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை, அப்பா. தெருவில் போன மோட்டார் சைக்கிள்தான் கேட்டது.

"கேட்டதோ?" என்று கையால் கேட்டார்.

"கேட்டது, மாஸ்ட்ரோ."

அவருக்குத் திருப்தியில்லை. இன்னொரு தடவை சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது முறை உதட்டில் "ராஜா" என்பது மட்டும் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு நிறைய வார்த்தைகள். நீண்ட வாக்கியம். இடையில் ஒரு இடத்தில் நிறுத்தி, மூச்செடுத்து, திரும்பத் தொடங்கினார். முகம் முழுக்க வியர்வை. நான் "நல்லாக் கேக்குது" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாய்ந்தார்.

பின்னேரம் ரயிலைச் செஃபலு வரை கொண்டுவந்தேன். அங்கிருந்து ஒரு மணித்தியாலம்தான். அதற்கு மேல் எனக்குக் கொண்டுவரத் தெரியவில்லை. வந்தால் கதவு திறக்க வேண்டும், நீங்கள் உள்ளே வர வேண்டும். அதனால் செஃபலுவில் நிற்கிறது, நிற்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை நாங்கள் காலையில் போனபோது அவர் விழிக்கவில்லை. பத்து மணிக்கு மூச்சு நின்றது. அதுவரை ரயில் செஃபலுவில்தான் நின்றது.

அன்று அத்தனை பேருக்கு முன்னால் அவர் ஒரு பொய் சொன்னார். நான் ஒருவருக்கு முன்னால் இரண்டு நாள் சொன்னேன். பொய் எவ்வளவு இலகுவாக வருகிறது என்று எனக்கு இப்போது தெரியும். அதற்காக நீங்கள் அவரை மன்னிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உங்களுக்கு உண்மையை எழுதினது நான்தான். நீங்கள் வராமல் போனது அந்தக் கடிதத்தால்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லிக் காட்டவில்லை.

அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் ஒரு நாள் கேட்கக்கூடும். எனக்குத் தெரியாது. உங்கள் இடத்தில் நான் நின்றேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அது மட்டும்தான் உங்களிடம் கொடுக்க என்னிடம் இருக்கிறது.

இனி வரச் சொல்லி எழுதமாட்டேன்.

ஆரணி